கோபுரம் இல்லாத விமான நிலையங்கள்

1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலையை வட இந்தியாவில் வாழும் நேயர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேலே, வானத்தில், சவூதி அரேபிய விமானம் ஒன்றும் கஸக்ஸ்தான் விமானம் ஒன்றும் மோதிக்கொண்டன. 349 உயிர்கள் மாண்டன. உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வேளையில், சரியாக ஏழு நாள் கழித்து, அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த குவின்சி என்னும் சிறு நகரின் விமான நிலையத்தில் வேறு இரு விமானங்கள் மோதிக்கொண்டன. மாண்டவர்கள் 14 பேர். முதல் விபத்தின் துயரம் பெரிதாகையால் இரண்டாவது நம் காதுக்கு எட்டவே இல்லை.

இவ்விரண்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. சர்க்கி தாத்ரியில் மோதிய விமானங்களோடு தில்லியிலிருந்து ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். இன்ன உயரத்தில் வா, இன்ன உயரத்தில் போ என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்தது. குவின்சியிலோ அப்படி ஒருவரும் இல்லை. அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரமே கிடையாது. வருகிற விமானிகளும் புறப்படுகிற விமானிகளும் தமக்குள்ளே பேசி, ஒருவரை ஒருவர் பார்த்து, ஒதுங்கி, இறங்கவும் ஏறவும் வேண்டும். இத்தகைய நிலையங்களில் சிறு விமானங்கள் எவ்வாறு இறங்குகின்றன, சில வேளைகளில் ஏன் மோதிக்கொள்கின்றன என்பதைக் குறித்தே இங்குச் சிந்திக்கப் போகிறோம்.

கோபுரம் இல்லாத விமான நிலையமா என்று சிலர் வியக்கலாம். பம்பாய், கல்கத்தா, தில்லி போன்ற பெரிய நிலையங்களையே கண்டு பழகிய நமக்கு அது விந்தையாகவே தோன்றும். ஆனால் அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000 இருக்க, கோபுரம் உடையவை ஏறத்தாழ 500 மட்டுமே. பத்தில் ஒன்பது நிலையங்களில் கோபுரம் இல்லை. உழவர்களின் மருந்து தெளிக்கும் விமானம், பறக்கக் கற்கும் மாணவரின் விமானம், வணிகரின் சொந்த விமானம், நோயாளியை ஏற்றிச் செல்லும் விமானம், சில இடங்களில் கட்டணம் செலுத்திப் பயணிகள் செல்லும் சிறு விமானம் ஆகிய யாவும் அங்கே ஒரே ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. நாளொன்றுக்குச் சில விமானங்களே வந்துபோகும் இடத்தில் கோபுரம் எழுப்பி, பயிற்சி பெற்ற அலுவலர்களை முறைவைத்து அமர்த்துவது பெருஞ்செலவாகும். ஆகவே ஒழுங்கை நிலைநாட்டும் பொறுப்பு விமானிகளிடமே விடப்பட்டிருக்கிறது.

அந்த ஒழுங்குக்கு மூன்று துணைகள் உண்டு. ஒன்று, எல்லோரும் பின்பற்றும் ஒரே சுற்றுப்பாதை. இரண்டு, எல்லோரும் பேசும் ஒரே வானொலி அலைவரிசை. மூன்று, விமானியின் இரு கண்கள்.

முதலில் சுற்றுப்பாதையைக் காண்போம். கோயிலில் பெருங்கூட்டம் பிராகாரத்தைச் சுற்றி வருகிறது. எல்லோரும் வலமாகவே வருவதால் யாரும் யார்மீதும் முட்டுவதில்லை. விமானங்களுக்கும் அத்தகைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே பொதுவாக இடமாகச் சுற்றுவதே வழக்கம். தலைமை விமானி இடப்புற இருக்கையில் அமர்வதால், இடப்பக்கம் திரும்பும்போது ஓடுபாதை அவர் கண்ணுக்கு நன்கு தெரியும். விமானம் எதிர்காற்றில் இறங்குவதே நலம். ஆகவே முதலில், தரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில், ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு நேர்மாறாகக் காற்றோடு பறக்கும். பின்னர் இடப்பக்கம் திரும்பி, உயரத்தைக் குறைத்துக்கொண்டு குறுக்கே செல்லும். மீண்டும் இடப்பக்கம் திரும்பினால் ஓடுபாதை நேர் எதிரே நிற்கும். இந்தக் கடைசிப் பகுதியை விமானிகள் பைனல் என்பர். நாம் இறுதிப் பகுதி என்போம். எந்தத் திசையிலிருந்து வருகிறவரும் இந்தச் சதுரத்தில் தம்மைப் பொருத்திக்கொண்டால், ஒருவர் பின் ஒருவராக இறங்கலாம். எங்கே பார்த்தால் அடுத்த விமானம் தென்படும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

ஆயினும் இச்சதுரத்தின் எல்லாப் பக்கங்களும் முடிவில் ஒரே கோட்டில்தான் வந்து சேர்கின்றன. அகன்ற வானத்தில் கலைந்து திரியும் விமானங்கள் யாவும் ஒரே ஓடுபாதையின் ஒரே முனையை நாடி, ஏறத்தாழ ஒரே உயரத்தில் நெருங்குமிடம் அந்த இறுதிப் பகுதியே. விபத்துக்கு மிகவும் அஞ்ச வேண்டிய இடமும் அதுவே.

இரண்டாவது துணை வானொலி. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பொது அலைவரிசை குறிக்கப்பட்டிருக்கும். வருகிற விமானி ஏறத்தாழப் பத்து மைல் தொலைவிலேயே தம் இருப்பிடத்தையும் நோக்கத்தையும் அதில் அறிவிக்க வேண்டும். பிறகு சுற்றுப்பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் அறிவிக்க வேண்டும். ஒரே அலைவரிசையை அண்டை நகரங்கள் பலவும் பயன்படுத்துவதால், அறிவிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஊர்ப்பெயரைச் சொல்வது மரபு. தொடக்கத்தில் சொன்ன பெயரைத் தவறவிட்டவர் முடிவிலாவது கேட்டுக்கொள்வார்.

இவ்வேற்பாட்டின் குறைகளும் தெளிவானவை. வானொலியில் ஒருவர் பேசும்போது மற்றொருவரும் பேசினால் இருவர் சொல்லும் கலங்கிப்போகும். பேசியவருக்கோ தம் சொல் பிறர் காதில் விழவில்லை என்பது தெரியாது. தவறான அலைவரிசையைத் திருப்பி வைத்துக்கொண்டு பேசுகிறவரும் உண்டு. பழைய விமானங்கள் சிலவற்றில் வானொலியே கிடையாது. அமெரிக்காவில் கோபுரமில்லா நிலையங்கள் பெரும்பாலானவற்றில் வானொலி இன்றிப் பறப்பதும் சட்டப்படி குற்றமன்று. ஆகவே, காதில் எதுவும் விழவில்லை என்பதால் வானில் யாரும் இல்லை என்று ஒரு விமானி முடிவு கட்டிவிட முடியாது.

இப்போது குவின்சிக்குத் திரும்புவோம். 1996 நவம்பர் 19. அந்தி நேரம். சிகாகோவிலிருந்து புறப்பட்டு, வழியில் பர்லிங்டன் நகரில் நின்று வந்த பீச்கிராப்ட் 1900 சி என்னும் சிறு பயணி விமானம் குவின்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் பயணிகள் 10 பேர், விமானிகள் இருவர். அது இறங்க வேண்டிய ஓடுபாதையின் எண் 13. அதே வேளையில், நிலையத்தின் மற்றோர் ஓடுபாதையாகிய 4ஆம் எண் பாதையின் முனையில், கிங் ஏர் என்னும் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று புறப்படுவதற்காக நின்றது. அதில் இருவர் இருந்தனர். அதன் பின்னே, தன் முறைக்காகச் செரோக்கி என்னும் சிறு விமானம் ஒன்று காத்திருந்தது.

ஓடுபாதையின் எண் அதன் திசையைக் குறிப்பது. 13 என்றால் திசைகாட்டியில் 130 பாகை. 4 என்றால் 40 பாகை. இரண்டுக்கும் வேறுபாடு 90 பாகை. அதாவது அவ்விரு பாதைகளும் ஒன்றையொன்று சிலுவைபோல வெட்டிச் செல்கின்றன. இவற்றில் ஒன்றில் விமானம் இறங்கும்போது மற்றொன்றில் விமானம் ஓடினால், இரண்டும் சந்திக்கும் புள்ளி ஒன்று இருக்கிறது.

பீச்கிராப்ட் விமானிகள் தங்கள் வருகையைப் பலமுறை அறிவித்தார்கள். ஓடுபாதையை நெருங்கியதும் 4ஆம் எண் பாதையில் நிற்கும் விமானத்தை நோக்கி, அங்கேயே நிற்கப் போகிறீர்களா, புறப்படப் போகிறீர்களா என்று கேட்டார்கள். நல்ல கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி. பதிலும் வந்தது. ஆனால் பதில் சொன்னவர் கிங் ஏர் விமானி அல்லர். பின்னால் நின்ற செரோக்கியின் விமானி. அனுபவம் குறைந்த அவர், தாம் புறப்படுவதற்காகக் காத்து நிற்பதாகத் தம் விமானத்தின் எண்ணைச் சொல்லித் தெரிவித்தார். அப்பேச்சில் கிங் ஏர் என்ற பெயரும் வந்தது. சரியாக அந்த நொடியில், பீச்கிராப்டின் அறைக்குள்ளே தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை அறிவிக்கும் எந்திரக்குரல் ஒலித்து, அவர் சொல்லின் ஒரு பகுதியை மறைத்துவிட்டது. நிற்கிறோம் என்று முன்னால் உள்ள விமானமே சொல்லிவிட்டதாகப் பீச்கிராப்ட் விமானிகள் எண்ணினார்கள். நன்றி சொல்லி, முன்னால் கடந்துபோகிறோம் என்று அறிவித்து இறங்கினார்கள். நீங்கள் கேட்டவர் நானல்ல என்று செரோக்கி விமானி திருத்தவில்லை. கிங் ஏர் எதையும் அறிவிக்காமலே ஓடத் தொடங்கியது. இரு பாதைகளும் வெட்டும் இடத்தில் இரு விமானங்களும் மோதின.

மேலும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. மோதலின் அதிர்ச்சியால் யாரும் இறந்துவிடவில்லை. மோதி நின்ற விமானங்கள் தீப்பற்றிக்கொண்டன. புகையும் தீயுமே 14 உயிர்களையும் கொண்டுபோயின. நிலையத்தில் இருந்தவர்கள் உதவிக்கு ஓடினார்கள், பீச்கிராப்டின் கதவைத் திறக்க முயன்றார்கள், அது திறக்கவில்லை. விமான நிலையத்தில் தீயணைப்பு வண்டி ஆயத்தமாக இல்லை. முப்பதுக்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட விமானம் வந்தால்தான் அது வேண்டும் என்பது அந்நாளைய விதி. தீயணைப்போர் நகரத்திலிருந்து வந்து சேர வேண்டியிருந்தது.

விபத்தை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கிங் ஏர் விமானிகள் பொது அலைவரிசையைச் சரிவரக் கேளாமையும், வேறு விமானம் வருகிறதா என்று நன்கு நோக்காமையுமே காரணம் என்று முடிவு செய்தது. செரோக்கி விமானியின் இடையறுந்த பேச்சும், அதனால் எழுந்த தவறான புரிதலும் துணைக் காரணங்கள் என்றது. கதவு திறக்க முடியாமற் போனதும், தீயணைப்பு ஏற்பாடு இல்லாமையும் உயிரிழப்பைப் பெருக்கின என்றும் குறித்தது. கதவைப் பற்றியும் தீயணைப்பைப் பற்றியும் இங்கே ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. விபத்தைத் தடுப்பது ஒரு கடமை. தடுக்க முடியாதபோது உயிரைக் காப்பது மற்றொரு கடமை. பத்து முதல் முப்பது இருக்கைகள் வரை கொண்ட பயணி விமானங்கள் முறையாக வந்துபோகும் நிலையங்களையும் பாதுகாப்புச் சான்றிதழ் விதிகளின்கீழ்க் கொண்டுவரும் திருத்தம் 2004ஆம் ஆண்டிலேதான் வந்தது.

மூன்றாவது துணையாகிய கண்ணுக்கு வருவோம். பார், விலகு என்பதே உலகெங்கும் விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் அடிப்படை விதி. சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. ஏன் அரிது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

எதிரே ஒரு பொருளைக் கண்டு, அதற்கேற்ப விமானம் திரும்பும்வரை ஆகும் காலத்தை அமெரிக்க விமானத்துறை வகுத்துத் தந்திருக்கிறது. பொருள் கண்ணிற் படுவதற்குப் பத்தில் ஒரு வினாடி. அது விமானம் என்று அறிவதற்கு ஒரு வினாடி. அது நம்மீது மோத வருகிறது என்று உணர்வதற்கு 5 வினாடி. எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்ய 4 வினாடி. கையும் காலும் இயங்கப் பத்தில் நான்கு வினாடி. விமானம் அதற்குப் பணிந்து திரும்ப 2 வினாடி. ஆக மொத்தம் பன்னிரண்டரை வினாடி.

இப்போது 90 நாட் வேகத்தில் செல்லும் இரு சிறு விமானங்கள் நேருக்கு நேர் வருவதாகக் கொள்வோம். இரண்டும் சேர்ந்து வினாடிக்கு ஏறத்தாழ 93 மீட்டர் நெருங்குகின்றன. பன்னிரண்டரை வினாடியில் அவை நெருங்கும் தொலைவு 1,150 மீட்டருக்குச் சற்று மேல். அந்தத் தொலைவில், பத்து மீட்டர் நீளச் சிறகுடைய விமானம் கண்ணுக்கு எவ்வளவு பெரியதாகத் தெரியும்? முழுநிலவின் அகலம் அளவே தெரியும். அதுவும் நிலவைப்போல் வட்டமாக அன்று. நிலவின் குறுக்கே இழுத்த மெல்லிய கோடுபோலத் தெரியும். அதன் பின்னே வீடுகளும் வயல்களும் சாலைகளும் இருந்தால் அக்கோடும் அவற்றோடு கலந்துவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நம் கண், அசையும் பொருளையே விரைவில் கண்டுகொள்ளும். ஆனால், மாறாத வேகத்தில் நேர்கோட்டில் வந்து நம்மோடு மோதவிருக்கும் விமானம் நம் கண்ணாடியில் அசைவதே இல்லை. ஒரே இடத்தில் புள்ளியாய் நின்று, கடைசிச் சில வினாடிகளில் திடீரெனப் பெரிதாகிறது. இடமோ வலமோ நகர்ந்து போகும் விமானத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. நகராமல் நிற்கும் புள்ளியைப் பற்றியே அஞ்ச வேண்டும்.

சிறகின் அமைப்பும் கண்ணை மறைக்கும். சில விமானங்களில் சிறகு விமானியின் தலைக்கு மேலே இருக்கும். அவருக்கு மேலே உள்ளது தெரியாது. வேறு சிலவற்றில் சிறகு இருக்கைக்குக் கீழே இருக்கும். அவருக்குக் கீழே உள்ளது தெரியாது. தாழ்சிறகு விமானம் மேலேயும் உயர்சிறகு விமானம் கீழேயுமாக ஒரே இறுதிப் பகுதியில் இறங்கினால், இருவரும் விழிப்பாயிருந்தும் இருவருமே மற்றவரைக் காணாமற் போகலாம்.

இனி, அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். கலிபோர்னியாவில் வாட்சன்வில் என்பது ஸ்ட்ராபெரித் தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரம். அதன் விமான நிலையத்துக்கும் கோபுரம் இல்லை. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் பிற்பகலில், செஸ்னா 152 என்னும் ஒற்றை எஞ்சின் விமானம் ஒருவரோடு சுற்றுப்பாதையில் பறந்துகொண்டிருந்தது. செஸ்னா 340 என்னும் இரட்டை எஞ்சின் விமானம் இருவரோடு தொலைவிலிருந்து சுற்றுப்பாதையில் சேராமல் நேராக இறங்க வந்தது. இருவரும் வானொலியில் அறிவித்தார்கள். சிறிய விமானம் திரும்பி இறுதிப் பகுதியில் நுழைந்தது. பெரிய விமானமோ ஏறத்தாழ 180 நாட் வேகத்தில் பின்னே வந்தது. செஸ்னா 152 வகை விமானம் இறங்கும் வேகம் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அந்த வேறுபாட்டில், ஒரு கிலோமீட்டர் இடைவெளி 16 வினாடியில் கரைந்துபோகும். நீங்கள் எனக்குப் பின்னால் மிக விரைவாக வருகிறீர்கள், நான் இறங்காமல் மேலே போகிறேன் என்று சிறிய விமானத்தின் விமானி அறிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மூவரும் மாண்டனர். நேராக இறங்க வந்த விமானத்தின் விமானி மற்றதைக் கண்டு விலகத் தவறியதே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது.

நேராக வந்து இறங்குவது சட்டத்துக்கு மாறானது அன்று. எரிபொருளும் நேரமும் மிச்சமாகும். ஆயினும் சுற்றுப்பாதையில் இருப்பவர்கள் எதிர்பார்க்கும் இடத்தில் அவர் இல்லை. வலம்வரும் கூட்டத்தினிடையே ஒருவர் குறுக்கு வாயிலால் விரைந்து நுழைவது போன்றது அது. இறங்குவதற்காக நெருங்கும் இரு விமானங்களில் தாழ்வாக இருப்பதற்கே முன்னுரிமை என்பது விதி. ஆனால் அவ்வுரிமையைக் கொண்டு, இறுதிப் பகுதியில் உள்ள மற்றொருவரின் முன்னே வெட்டி நுழையக் கூடாது என்பதும் அதே விதி.

அப்படியானால் எல்லா நிலையங்களிலும் கோபுரம் எழுப்பிவிட்டால் தீர்ந்துவிடுமா? கோபுரம் ஆபத்தை வெகுவாகக் குறைக்கும், ஐயமில்லை. எனினும் முற்றும் அகற்றிவிடாது. 2022 ஜூலை 17 அன்று, கோபுரம் உள்ள வட லாஸ் வேகஸ் நிலையத்தில் இரு சிறு விமானங்கள் இறங்கும்போது மோதி நால்வர் இறந்தனர். அருகருகே இணையாக இருந்த இரு ஓடுபாதைகளில், ஒன்றுக்கு அனுமதி பெற்ற விமானம் மற்றதன் நேர்க்கோட்டில் வந்துவிட்டது. 2021 மே 12 அன்று, கொலராடோவில் டென்வர் நகரை அடுத்த சென்டெனியல் நிலையத்திலும் இப்படியே இரு விமானங்கள் மோதின. அங்கும் கோபுரம் உண்டு. ஒரு விமானம், முழு விமானத்தையும் தாங்கும் குடைமூலம் மெல்லத் தரைக்கு வந்தது. மற்றது உடல் கிழிந்த நிலையிலும் பத்திரமாக இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லாமற் போனது பெரும் பேறு.

புதிய கருவிகளும் வந்திருக்கின்றன. தம் இருப்பிடத்தைத் தாமே இடைவிடாது ஒலிபரப்பும் கருவியை, குறிப்பிட்ட வான்பகுதிகளில் பறக்கும் விமானங்கள் 2020 ஜனவரி முதல் கட்டாயம் பொருத்த வேண்டும் என்று அமெரிக்கா விதித்தது. இதனால் அருகில் உள்ள விமானங்களைத் திரையிலே காணலாம். ஆனால் கோபுரமில்லா நிலையங்கள் பலவற்றைச் சூழ்ந்த வானம் அந்தக் கட்டாயத்துக்கு உட்பட்டதன்று. ஆகவே திரையில் தோன்றாத விமானமும் வானில் இருக்கக்கூடும். மேலும், திரையையே நோக்கியிருக்கும் கண் வெளியே பார்ப்பதில்லை. கருவி கண்ணுக்குத் துணையாகலாம், கண்ணாக முடியாது.

எனவே விமானிகளுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பழையனவே, எளியனவே. தொலைவிலேயே அறிவி. ஒவ்வொரு திருப்பத்திலும் அறிவி. யாரேனும் இருந்தால் தெரிவியுங்கள் என்று பொதுவாகக் கேட்டு அலைவரிசையை நிரப்பாதே. நீ எங்கே இருக்கிறாய் என்பதைச் சொல். திரும்புமுன் இரு புறமும் பார். இறங்கும் விமானங்கள் உள்ள இடத்தில் உன் வேகத்தை அவர்கள் வேகத்துக்குத் தகுந்தபடி தணித்துக்கொள். ஐயம் தோன்றினால் இறங்காதே. மேலே ஏறி, இன்னொரு முறை சுற்றி வா. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்தாம்.

இவற்றை நாம் ஏன் அறிந்துகொள்ள வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டிலிருந்து இளைஞர் பலர் பறக்கக் கற்பதற்கு அமெரிக்காவுக்குச் செல்கிறார்கள். அவர்கள் நாள்தோறும் ஏறி இறங்கிப் பழகும் இடங்களில் இத்தகைய சிறு நிலையங்களும் உண்டு. வீட்டில் காத்திருக்கும் தாய் தந்தையர், தம் பிள்ளை எந்திரத்தை இயக்க மட்டுமன்று, பிறர் சொல்வதைக் கேட்கவும் பிறர் இருப்பதைப் பார்க்கவும் கற்றுக்கொள்கிறான் என்பதை அறிந்திருப்பது நல்லது.

குவின்சியில் கேள்வி கேட்கப்பட்டது, பதிலும் கிடைத்தது. பதில் சொன்னவர் யார் என்பது மட்டுமே தெளிவாகவில்லை. அந்த இடத்தில் பெயரைச் சொல்லி இன்னொரு முறை கேட்டிருந்தால் இரண்டொரு வினாடிதான் ஆகியிருக்கும். செரோக்கி விமானி நானல்ல என்று ஒரு சொல் சொல்லியிருந்தாலும் அதே அளவுதான். புறப்படுகிறோம் என்று கிங் ஏர் அறிவித்திருந்தாலும் அவ்வளவே. மூன்று விமானங்களில் எந்த ஒன்றிலிருந்தும் அச்சிறு சொல் வந்திருக்கலாம். இன்று பறக்கக் கற்கும் மாணவர்களுக்கு இந்நிகழ்ச்சியை எடுத்துச் சொல்லும் ஆசிரியர்கள், அந்த ஒரு சொல்லைச் சொல்லும் வழக்கத்தையே கற்பிக்கிறார்கள்.